ஊரைத் தேடினால் தாத்தா கிடைப்பார்

வீடு நகரவில்லை

அசாம் மாநிலத்தின் தெற்கே கரீம்கஞ்ச் என்ற ஊர் இருக்கிறது. ஊர் ஓரமாகக் குசியாரா ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வங்கதேசம். இந்தப் பக்கம் இந்தியா.

அந்த ஊரில் ஒரு பழைய வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டில் அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அப்போது கரீம்கஞ்ச் சில்ஹெட் மாவட்டத்தில் இருந்தது.

1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் சேருவது என்று சில்ஹெட் மக்களிடம் வாக்கு கேட்டார்கள். சில்ஹெட்டின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கரீம்கஞ்ச் பகுதி இந்தியாவில் நின்றது. அதைக் கச்சார் மாவட்டத்தோடு சேர்த்தார்கள்.

1983 ஜூலை 1 அன்று கரீம்கஞ்ச் தனி மாவட்டம் ஆயிற்று. 2024இல் அந்த மாவட்டத்துக்கு ஸ்ரீபூமி என்று பெயர் மாற்றினார்கள்.

வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. திண்ணையும் அதே திண்ணை. கிணறும் அதே கிணறு. மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. சில்ஹெட், கச்சார், கரீம்கஞ்ச், ஸ்ரீபூமி என நான்கு பெயர்கள்.

இன்று அந்த வீட்டுப் பேத்தி தாத்தாவின் பழைய பதிவைத் தேடிப் போகிறாள். "தாத்தா எந்த மாவட்டம்?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். அவள் என்ன சொல்வாள்? "ஸ்ரீபூமி" என்றால் பழைய ஏட்டில் அந்தப் பெயர் கிடையாது. "எந்த ஆண்டு ஏடு?" என்று அவள் திருப்பிக் கேட்டால் வழி பிறக்கும். ஏனென்றால், ஆண்டு தெரிந்தால்தான் மாவட்டம் தெரியும்.

எதற்காகத் தேட வேண்டும்?

செத்துப்போனவர் பெயரை இப்போது தேடி என்ன ஆகப்போகிறது? சிலர் இப்படிக் கேட்பார்கள்.

தாத்தா பெயரில் நிலம் இருக்கும். அதைப் பேரப்பிள்ளைகள் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு அவர் இறந்த நாளும், வாரிசு யார் என்பதும் தெரிய வேண்டும். இது எல்லா மாநிலத்திலும் உள்ள தேவை.

அசாமில் தேவை இதைவிடப் பெரிதாக வந்தது. 1985 ஆகஸ்டு 15 அன்று அசாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1971 மார்ச் 24 நள்ளிரவு எல்லை நாளாக வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வங்கதேசத்திலிருந்து வந்தவர்களைக் கண்டறிய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பிறகு தேசியக் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. மக்கள் அதை என்.ஆர்.சி. என்று சொல்வார்கள். 2015இல் மனுக்களை வாங்கினார்கள். அசாமில் வாழும் ஒவ்வொருவரும் காட்ட வேண்டியவை இரண்டு.

ஒன்று: தாமோ, தம் முன்னோரோ எல்லை நாளுக்கு முன்பே ஒரு பழைய ஏட்டில் இருந்தார்கள் என்பது.

இரண்டு: அந்த முன்னோருக்கும் தமக்கும் உள்ள உறவு.

2019 ஆகஸ்டு 31 அன்று இறுதிப் பட்டியல் வந்தது. 3,11,21,004 பேரின் பெயர்கள் அதில் இருந்தன. 19,06,657 பேரின் பெயர்கள் இல்லை. பெயர் இல்லாதவர்கள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்பது விதி.

நிலம் இல்லாதவர், பள்ளிக்குப் போகாதவர், ஆற்றுத் தீவில் குடியிருப்பவர் என எல்லாரும் தாத்தாவின் பெயரைத் தேடி அலைந்தார்கள். ஒரு பழைய தாளில் உள்ள ஒரு வரிக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

1951ஆம் ஆண்டின் ஏடு

அவர்கள் தேடிய ஏடுகளில் முதன்மையானது 1951ஆம் ஆண்டின் குடிமக்கள் பதிவேடு.

அந்த ஆண்டு நாடு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு அதுதான். அசாமில் அப்போது எடுத்த விவரங்களைத் தனி ஏட்டிலும் எழுதி வைத்தார்கள். ஊர்வாரியாக, வீட்டு வரிசைப்படி எழுதினார்கள். வீட்டில் இருந்தவர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பிழைப்பு முதலியவை அதில் இருந்தன.

இந்த ஏடுகள் மாவட்ட அலுவலகங்களிலும், உட்கோட்ட அலுவலகங்களிலும் இருந்தன. 1960களில் காவல் துறையிடம் போயின. ஆண்டுகள் பல கடந்தன. தாள் பழுப்பு ஏறியது. சில பக்கங்கள் கிழிந்தன. சில மாவட்டங்களுக்கு முழு ஏடும் கிடைக்கவில்லை.

இந்த ஏட்டோடு, 1971 மார்ச் 24 வரை வந்த வாக்காளர் பட்டியல்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். பழைய ஏட்டுப் பதிவுகளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் தேடலின் முதல் படி.

கணக்கெடுப்பில் தாத்தா பெயர் கிடைக்குமா?

"எங்கள் மாநிலத்திலும் கணக்கெடுப்பு நடக்கிறதே, அங்கே போய்த் தாத்தா பெயரைக் கேட்கலாமா?" என்று ஒருவர் நினைக்கலாம். கேட்டால் கிடைக்காது.

நம் நாட்டில் 1872இல் முதல் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. 1881 முதல் 2011 வரை பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஒழுங்காக நடந்தது. 2021இல் நடக்க வேண்டியது கொரோனா நோயால் தள்ளிப்போயிற்று.

1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போன விவரத்தை யாரும் பார்க்க முடியாது. நீதிமன்றத்திலும் சாட்சியாகக் காட்ட முடியாது. மக்கள் பயமின்றி உண்மையைச் சொல்லட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இங்கிலாந்தில் வேறு வழக்கம். அங்கே நூறு ஆண்டு கழிந்ததும் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டின் தாள்களை 2022இல் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் தம் கொள்ளுத்தாத்தா பெயரை அதில் தேடலாம். இந்தியாவில் அந்த வழி இல்லை. அசாமின் 1951ஆம் ஆண்டு ஏடு கணக்கெடுப்பின்போது தனியாக எழுதியது. அதனால்தான் அது பயன்பட்டது.

அப்படியானால் கணக்கெடுப்பால் நமக்குப் பயனே இல்லையா? உண்டு. அது ஆளின் பெயரைச் சொல்லாது. ஆனால் ஊரின் பெயரைச் சொல்லும்.

கணக்கெடுப்புத் துறை மாவட்டத்துக்கு ஒரு கையேடு வெளியிடுகிறது. 1951 முதல் இந்தக் கையேடுகள் வருகின்றன. எந்த ஊர் எந்த வட்டத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்னால் எல்லைகளை மாற்றக் கூடாது என்று அரசு ஒரு நாள் குறிக்கும். அதனால் அந்த ஆண்டின் எல்லை கையேட்டில் தெளிவாகப் பதிந்துவிடும். முந்தைய கணக்கெடுப்புக்குப் பிறகு என்னென்ன எல்லை மாறியது என்பதையும் துறையின் நூல்கள் காட்டும்.

ஆகவே முதலில் ஊரைத் தேட வேண்டும். அன்று அந்த ஊர் இருந்த மாவட்டத்தைத் தேட வேண்டும். பிறகுதான் ஆளைத் தேட வேண்டும்.

ஒன்று ஆறான கதை

அசாமின் மேற்கே கோல்பாரா மாவட்டம் இருக்கிறது. 1951இல் அது மிகப் பெரிய மாவட்டம். அதன் தலைநகரம் துப்ரி.

1983இல் கோல்பாரா, துப்ரி, கோக்ராஜார் என்று மாவட்டம் மூன்றாயிற்று. 1989இல் போங்கைகாவ்ன் மாவட்டம் வந்தது. 2004இல் சிராங் மாவட்டம் வந்தது. 2016இல் துப்ரியிலிருந்து தெற்கு சல்மாரா-மன்காச்சர் மாவட்டம் பிரிந்தது. பழைய ஒரு மாவட்டத்தின் நிலத்தில் இன்று ஆறு மாவட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன.

1951ஆம் ஆண்டு ஏட்டில் "கோல்பாரா" என்று எழுதியிருந்தால், அது இன்றைய சிறிய கோல்பாராவைக் குறிக்காது. அந்த ஊர் இன்று கோக்ராஜாரில் இருக்கலாம். மன்காச்சரிலும் இருக்கலாம். பெயர் ஒன்று. நிலம் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரம்மபுத்திரா ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளத்தில் வயல் போகும். அடுத்த வெள்ளத்தில் வீடு போகும். ஊரே ஆற்றுக்குள் போய்விட்ட இடங்களும் உண்டு. மக்கள் வேறு கரையில் குடிசை போட்டுக்கொள்வார்கள். ஏட்டில் ஊர் இருக்கிறது. நிலத்தில் ஊர் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய கையேடும், பழைய வரைபடமும் பெரிய துணை.

அம்மாவின் பெயர் எங்கே?

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தேடல் கடினமாக இருந்தது. ஏன் என்று பார்ப்போம்.

அபயபுரி பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் 1965இல் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். அவள் வீட்டில் பிறந்தாள். யாரும் பதிவு செய்யவில்லை. பள்ளிக்கும் அனுப்பவில்லை. 1983இல், பதினெட்டு வயதில், பார்பேட்டா பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது வாக்களிக்கும் வயது 21. அது 18 ஆனது 1989இல்தான். எனவே பிறந்த ஊர் வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏறவே இல்லை. கணவன் ஊர்ப் பட்டியலில்தான் முதலில் ஏறியது. அங்கே "இன்னாரின் மனைவி" என்று எழுதினார்கள். "இன்னாரின் மகள்" என்று எந்தத் தாளிலும் இல்லை.

அவள் தந்தையின் பெயர் பழைய ஏட்டில் இருக்கிறது. அவள் பெயர் புதிய பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் தாள்தான் இல்லை.

இதில் மாவட்டக் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். தந்தையின் ஏட்டில் "கோல்பாரா மாவட்டம்" என்று இருக்கும். அதே ஊர் 1989 முதல் போங்கைகாவ்ன் மாவட்டத்தில் இருக்கிறது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் 1983 வரை காம்ரூப் மாவட்டம். பிறகு பார்பேட்டா மாவட்டம். நான்கு மாவட்டப் பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். "நான் பிறந்தது ஒரே ஊர், வாழ்வது ஒரே ஊர்" என்று அவள் எல்லை மாறிய ஆண்டுகளோடு விளக்க வேண்டும்.

இப்படிப்பட்ட லட்சக்கணக்கான பெண்கள் கிராமப் பஞ்சாயத்துச் செயலரிடம் சான்று வாங்கினார்கள். "இவள் இன்னாரின் மகள். மணமாகி இந்த ஊருக்கு வந்தாள்" என்பது அந்தச் சான்று. அது செல்லாது என்று 2017 பிப்ரவரியில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சான்றை ஏற்கலாம், ஆனால் அது உண்மையா என்று சரிபார்க்க வேண்டும் என்று சொன்னது.

ஒரு பிறப்புப் பதிவு இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது.

பிறப்பு, இறப்புப் பதிவேடு

பிறப்பையும் இறப்பையும் பதியும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்திலேயே இருந்தது. 1886இல் ஒரு சட்டமும் வந்தது. ஆனால் அதன்படி பதிவது அவரவர் விருப்பம். பல ஊர்களில் ஊர்க்காவலர் காவல் நிலையத்தில் போய்ச் சொன்னால்தான் பதிவு. அவர் மறந்தால் அதுவும் இல்லை.

1969இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது. அதன்பின் பிறப்பையும் இறப்பையும் பதிவது கட்டாயம் ஆயிற்று. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. அப்பாவின் ஊரில் அல்ல. தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நடக்கும். ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு அம்மாவின் ஊரில் இருக்கும். அல்லது மருத்துவமனை இருந்த நகரத்தில் இருக்கும். பலர் அப்பாவின் ஊரில் தேடிவிட்டு, "பதிவே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள்.

இறப்பும் அப்படியே. நகரத்து மருத்துவமனையில் தாத்தா இறந்திருந்தால் பதிவு அந்த நகரத்தில்தான் இருக்கும்.

பதிவேட்டில் தேடச் சொல்லி யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அதற்குரிய கட்டணம் கட்ட வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் "பதிவு இல்லை" என்ற சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் அதுவும் உதவும்.

பழைய ஏடு எங்கே இருக்கும்? ஊரில் உள்ள பதிவாளரிடம் ஏடு வெகுகாலம் இருக்காது. பிறகு மேல் அலுவலகத்துக்குப் போய்விடும். மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும் பழைய ஏடு பழைய தலைநகரத்திலேயே தங்கிவிடலாம். புது மாவட்டத்தில் "இங்கே இல்லை" என்று சொன்னால் தேடல் முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. பழைய மாவட்டத்தின் தலைநகரத்தில் கேட்க வேண்டும்.

தேடும் முறை

அசாம் மக்களின் அனுபவத்திலிருந்து எல்லாரும் கற்றுக்கொள்ளக் கூடியவை இவை.

1. வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். மூத்தவர்களிடம் பெயர், ஊர், உறவு ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். ஆண்டு நினைவில்லை என்றால் வேறு வழியில் கேட்கலாம். "பெரிய வெள்ளம் வந்தபோது நீங்கள் கைக்குழந்தையா, நடக்கிற பிள்ளையா?" என்று கேட்டால் ஆண்டு ஓரளவு தெரியும்.

2. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஊரை எழுத வேண்டும். பிறந்த ஊர், மணமான ஊர், இறந்த ஊர்.

3. அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த வட்டம், எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்று பார்க்க வேண்டும். மாவட்டக் கையேடு இதற்கு உதவும்.

4. எந்த அலுவலகத்தில் எந்த ஏடு என்று கேட்க வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், நில ஆவணம், பள்ளிச் சேர்க்கை ஏடு, அஞ்சலகக் கணக்குப் புத்தகம் எல்லாமே சான்றுகள்தான்.

5. எழுத்து மாறியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா தம் பெயரை வாயால் சொன்னார். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். அடுத்த எழுத்தர் வேறு விதமாக எழுதினார். வயதும் குத்துமதிப்புதான். அதனால் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. தந்தை பெயர், ஊர், வீட்டில் இருந்த மற்றவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லை மாறுவது அசாமில் மட்டும் நடப்பதல்ல. தெலங்கானா மாநிலம் 2014இல் 10 மாவட்டங்களோடு பிறந்தது. இன்று அங்கே 33 மாவட்டங்கள். கன்னியாகுமரிப் பகுதி 1956 வரை திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1950இல் பிறந்தவரின் மாவட்டத்தை இன்றைய மாநில எல்லைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது.

இன்றே செய்யக் கூடியது

போன தலைமுறையின் பதிவைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைக்கவில்லை என்றாலும் பதியலாம். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த நாளுக்கும், பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். பள்ளியில் சேர, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

சான்று கைக்கு வந்ததும் படித்துப் பார்க்க வேண்டும். அம்மா பெயர் சரியா? அப்பா பெயர் சரியா? ஊர் சரியா? பிழை இருந்தால் அன்றே திருத்தக் கேட்க வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பிழையைத் திருத்தப் பேரப்பிள்ளைகள் அலையக் கூடாது.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கத்தில் தாத்தா, பாட்டி பெயர். அடுத்த பக்கத்தில் அவர்கள் பிள்ளைகள் பெயர். பெண் பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊரையும் விடாமல் எழுத வேண்டும். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வட்டம், மாவட்டம், ஆண்டு. இந்த நோட்டு அரசுச் சான்று ஆகாது. ஆனால் சான்று எங்கே கிடைக்கும் என்று வழி காட்டும்.

அன்று தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. வேறு ஒருவர் அவருடைய பெயரை எழுதினார். சரியா தவறா என்று பார்க்கவும் அவருக்கு வழி இல்லை. இன்று எழுதக் கற்ற பேத்தி அந்த ஏட்டைத் தானே படிக்கலாம். தன் மகளின் பெயரைத் தன் கையாலேயே எழுதி வைக்கலாம்.

பேசிப் பார்க்க

* உங்கள் ஊர் 1951இல் எந்த மாவட்டத்தில் இருந்தது? யாரிடம் கேட்டால் தெரியும்?

* உங்கள் பாட்டி பிறந்த ஊர் எது? அவருடைய தந்தை பெயர் என்ன?

* உங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பதிவு எந்த ஊரில் இருக்கிறது? சான்றில் பெயர்கள் சரியாக உள்ளனவா?